அண்ணனுக்குத் தம்பிகளின் சட்டை: நிஸான் சில்வியா எஸ்13ஐ மாற்றியமைக்கும் வழி

சில்வியா எஸ்13க்கு நீங்கள் தேடப்போகும் பாகங்களில் பாதியை நிஸானே தயாரித்து, எஸ்14, எஸ்15 என்ற தம்பிகளுக்கு மாட்டி விற்றுவிட்டது. இசட்32 ஃபேர்லேடியும் ஆர்32 ஸ்கைலைனும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். அவர்களிடமிருந்தும் கடன் வாங்கலாம். அதனால் இந்தக் காரின் வரலாறு தெரிந்தவருக்குச் செலவு குறையும், செய்த வேலையும் நீடித்து நிற்கும்.

சில்வியா என்ற பெயர் 1965இல் வந்தது. கையால் தட்டி எடுத்த உடல், மொத்தம் 554 கார்கள். அதற்கும் இன்றைய வேலைக்கும் தொடர்பு இல்லை. நமக்கு வேண்டிய கதை 1988இல் தொடங்குகிறது. எஸ்13 அந்த ஆண்டு வந்து ஜப்பானின் ஆண்டின் சிறந்த கார் விருதை வாங்கியது. சீட்டுக்கட்டைப் போல ஜேஸ், கியூஸ், கேஸ் என்று மூன்று ரகம். டர்போ இருந்தது கேஸ் ரகத்தில் மட்டும். முதலில் 1809 சிசி சிஏ18டிஇடி எஞ்சின், 175 குதிரைத்திறன். 1991இல் 1998 சிசி எஸ்ஆர்20டிஇடி, 205. எஸ்14 (1993) அதை 220க்கும், எஸ்15 ஸ்பெக்-ஆர் (1999) 250க்கும் உயர்த்தின. ஆனால் மூன்றுக்கும் நிஸான் எழுதிய முறுக்குவிசை ஒன்றே: 28 கிலோகிராம்-மீட்டர். கூடிய திறன் எல்லாம் மேல் சுழற்சியில் வந்தது. பெரும்பாலும் டர்போவின் உபயம். இதை நினைவில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

உடல் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்13 அகலம் 1690 மிமீ, எஸ்14 1730, எஸ்15 1695. ஜப்பானில் 1.7 மீட்டரைத் தாண்டினால் பெரிய கார் வகுப்பு. எஸ்14 தாண்டியது, விற்பனையில் அடி வாங்கியது, எஸ்15 மறுபடி ஒல்லியானது. அச்சிடைத் தூரம் எஸ்13க்கு 2475 மிமீ, மற்ற இரண்டுக்கும் 2525. இந்த 50 மிமீயை மறந்துவிட்டு எஸ்15 கியர்பாக்ஸ் வாங்கியவர்கள்தான் பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்ட ஆள் தேடுகிறார்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

துரு முதலில். போனட்டைத் திறந்து, முன் ஷாக் அப்சார்பர் மேல்தட்டு உடலோடு சேரும் இடத்தைப் பாருங்கள். பிறகு கதவுக்குக் கீழுள்ள சில், பின் சக்கர வளைவின் உள்பக்கம், டிக்கித் தரை விரிப்புக்கு அடியில். புதிய கருப்புப் பெயின்ட் ஒரு இடத்தில் மட்டும் இருந்தால் அங்கே ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டம் வளைந்திருந்தால் கார் எங்கோ முட்டியிருக்கிறது. டிரிஃப்ட்டுக்கு (வளைவில் வேண்டுமென்றே பின்சக்கரத்தை வழுக்கவிட்டு ஓட்டுவது) பேர்போன கார், முட்டாததுதான் அபூர்வம். சட்டம் மட்டும் என்றால் சரிசெய்யலாம். நீளவாட்டு சேஸிஸ் தண்டு மடிந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

எஞ்சினுக்கு கம்ப்ரெஷன் சோதனை கட்டாயம். சூடான எஞ்சின், நான்கு பிளக்குகளும் கழற்றி, எரிபொருளையும் பற்றவைப்பையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் சுற்றுங்கள். எஸ்ஆர்20டிஇடிக்கு 12 பார் அழுத்தம் நல்லது, 10.3க்குக் கீழே என்றால் எஞ்சினைப் பிரிக்கும் காலம். சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் 1 பாரைத் தாண்டக் கூடாது. ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

வால்வு மூடியைத் திறக்க விற்பவர் விட்டால், கேம் ஷாஃப்டுக்கு மேலே ஓடும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். எஸ்ஆரில் இவை தானாகத் தளரும். தளர்ந்தால் கேமுக்கு எண்ணெய் குறைந்து தேயும். காசே செலவில்லாத வேலை இது: கழற்றித் துடைத்து, நூல்பிடி பசை ஒரு சொட்டு வைத்து, பதமாக இறுக்குங்கள்.

திறன் கூட்டுவதற்கு முன்

கார் 30 வயதைத் தாண்டியது. ரப்பர் எல்லாம் பாறை. முதலில் கூலன்ட் குழாய்கள், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், எல்லா வெற்றிடக் குழாய்களும் மாற்றுங்கள். கூலன்ட் ஊற்றிய பின் காற்று வெளியேற்றாமல் ஓட்டினால் ஹெட் வளைவது உறுதி. காரின் மூக்கை உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இன்டேக் மேனிஃபோல்டு பக்கமுள்ள சிறிய காற்றுத் திருகைத் திறந்து, குமிழ் நின்று நீர் சீராக வரும்வரை ஊற்றுங்கள். மின்விசிறிக்கு மாறினால் பழைய விசிறியோடு வந்த பிளாஸ்டிக் கூட்டை எறியாதீர்கள். கூடு இல்லாத விசிறி ரேடியேட்டரின் ஒரு வட்டத்தை மட்டும் குளிர்விக்கும்.

கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 எண்ணெய், ஜிஎல்-4 தரம். ஜிஎல்-5இல் உள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். டிஃபரென்ஷியலுக்கு ஜிஎல்-5தான். இரண்டையும் மாற்றி ஊற்றுகிறவர்கள் ஏராளம்.

சஸ்பென்ஷன்

கார் சாலையில் நிற்கும் விதம் மாற இங்குதான் பணம் போட வேண்டும். பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமின் நான்கு ரப்பர் புஷ்களும் கிழிந்திருக்கும். கியர் போட்டு ஆக்சிலரேட்டரை விட்டால் பின்னால் "டொக்" என்று சத்தம் வருவது அதனால்தான். சாலைக்காருக்குப் பழைய புஷ்களின் இடைவெளியில் சொருகும் காலர் போதும். திட அலுமினிய புஷ் போட்டால் டிஃபரென்ஷியல் முனகல் முழுவதும் கேபினுக்குள் வரும்.

எஸ்14இன் பின் சப்ஃபிரேமை எஸ்13க்கு மாட்டுவது பலரும் செய்யும் வேலை. முடுக்கும்போது பின்பகுதி அமரும் வடிவியலை நிஸான் அதில் மாற்றியது. ஆனால் போல்ட் இடம் அச்சாகப் பொருந்தாது. அதற்கென்றே விற்கும் மாற்று புஷ்களை வாங்கிய பிறகே பழையதை இறக்குங்கள்.

காயில்ஓவரில் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பு) முன் 8, பின் 6 கிலோ/மிமீ ஸ்பிரிங் விகிதம் ஜப்பானியத் தயாரிப்புகளில் வழக்கம். தினமும் ஓட்டுவதானால் முன் 6, பின் 4 போதும். உயரத்தை 30 முதல் 40 மிமீ வரை இறக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். முன் சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கை (லோயர் ஆர்ம்) கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்தால் கார் தாழ்வாக இருந்தும் வளைவில் கூடுதலாகச் சாயும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும் அதே கோணத்துக்குப் போய், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாக இழுக்கும். இன்னும் தாழ்வாக வேண்டும் என்பவர் பந்து மூட்டுக்கு நீளத் தண்டும் டை ராட் ஸ்பேசரும் சேர்த்துப் போட வேண்டும்.

அலைன்மென்ட் தொடக்க அளவு: முன் கேம்பர் (சக்கரத்தின் மேல்-கீழ் சாய்வு) −2.5 பாகை, டோ (சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம். பின் கேம்பர் −1, டோ இரு பக்கமும் 1 மிமீ உள்நோக்கி. டிரிஃப்ட்டுக்கு முன் −4 வரை போகலாம். பின்னால் கேம்பரைக் கூட்டாதீர்கள், டயரின் உள்விளிம்புதான் கரையும்.

ஹைகாஸ் என்ற பின்சக்கரத் திருப்பு அமைப்பு உங்கள் காரில் இருந்தால் அதன் மூட்டுகளை அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வேக வளைவில் பின்பகுதி தன் இஷ்டத்துக்கு ஒரு முடிவெடுக்கும். பூட்டுத் தண்டு ஒன்று போட்டு நிறுத்திவிடுவதே மேல். மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும் என்பதையும், ஸ்டியரிங்கின் எடையை மாற்றும் சோலனாய்டு அதே கணினியோடு சேர்ந்திருக்கலாம் என்பதையும் பார்த்துக்கொண்டு வயரைப் பிடுங்குங்கள்.

பிரேக்கும் சக்கரமும்

எஸ்13இன் முன் கேலிப்பருக்கு ஒரே பிஸ்டன். ஆர்32 ஜிடிஎஸ்-டி அல்லது இசட்32இன் நான்கு பிஸ்டன் கேலிப்பரும் 280 மிமீ டிஸ்கும் எஸ்13இன் நக்கிளில் (சக்கர ஹப்பைத் தாங்கும் பாகம்) நேராகவே உட்காரும். எஸ்15 ஸ்பெக்-ஆரில் தொழிற்சாலையிலேயே வந்ததும் இதே குடும்பம். இடறும் இடங்கள் மூன்று. இசட்32 கேலிப்பர் 26, 30 மிமீ என இரு தடிமன் டிஸ்குகளுக்கு வந்தது, எது உங்கள் கையில் இருக்கிறது என்று அளந்து டிஸ்க் வாங்குங்கள். பழைய 15 அங்குல ரிம் கேலிப்பரில் உரசும். பிஸ்டன் பரப்பு கூடியதால் பெடல் ஆழமாகப் போகும், ஒரு அங்குலம் அல்லது 17/16 அங்குல மாஸ்டர் சிலிண்டர் சேர்த்தால் கெட்டியாகும். பின் பிரேக்கையும் இசட்32க்கு மாற்றுவது தனி வேலை. அதன் கைபிரேக் டிஸ்குக்குள் இருக்கும் டிரம் வகை, எஸ்13இன் கேபிள் அப்படியே சேராது.

எஸ்13 சக்கரத்துக்கு நான்கு போல்ட் துளை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மிமீ. எஸ்14, எஸ்15 டர்போக்களுக்கு ஐந்து துளை, அதே 114.3. நல்ல ரிம்கள் எல்லாம் ஐந்து துளையில்தான் கிடைக்கும் என்பதால் எஸ்14 ஹப் மாற்றுவது நீண்ட கால லாபம். நடுத்துளை 66.1 மிமீ. ரிம்மின் துளை பெரிதாக இருந்தால் வளையம் போடுங்கள், இல்லாவிட்டால் 90 கிமீ வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். 17 அங்குலம், 8 அகலம், +30 ஆஃப்செட், 215/45 டயர் தொல்லை இல்லாத அளவு. 9 அகலத்துக்குப் போனால் ஃபெண்டர் உதட்டை மடிக்க வேண்டும். ஹீட் கன்னால் பெயின்ட்டைச் சூடாக்கிக்கொண்டு மெதுவாக மடியுங்கள், குளிர்ந்த பெயின்ட் வெடிக்கும். நட் எம்12×1.25, இறுக்கம் 98 முதல் 118 நியூட்டன்-மீட்டர்.

எஞ்சின்

தொழிற்சாலை பூஸ்ட் (டர்போ திணிக்கும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறக்குறைய 0.5 பார். எக்ஸாஸ்டைத் திறந்துவிட்டு, பூஸ்ட் கன்ட்ரோலரால் 0.8 பார் வரை எஸ்13இன் டி25 டர்போ தாங்கும். அதற்கு மேல் அது காற்றைவிடச் சூட்டைத்தான் தரும். இந்தக் கட்டத்திலேயே, உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டர் தன் அளவின் உச்சத்தை நெருங்கிவிடும். உச்சம் தொட்ட பிறகு கணினிக்குக் கூடுதல் காற்று தெரியாது, எரிபொருளும் கூடாது, பிஸ்டன் உருகும். ஆக, காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் இல்லாமல் பூஸ்டைத் தொடாதீர்கள். முழு பூஸ்டில் காற்று-எரிபொருள் விகிதம் 11.5 பக்கம் இருக்க வேண்டும்.

300 குதிரைத்திறனுக்கான கணக்கு இது. டர்போ எஞ்சினில் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 5.5 சிசி பெட்ரோல் என்று வையுங்கள். 1650 சிசி. நான்கால் வகுத்தால் 412. இஞ்செக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 485. எஸ்13இன் 370 சிசி இஞ்செக்டர் ஏன் போதாது என்பது இதிலேயே தெரிகிறது. எஸ்15இல் இருப்பது 480 சிசி. கணக்கு ஏறத்தாழ அதில் வந்து நிற்கிறது. எஸ்15இன் பால் பேரிங் டி28 டர்போவும் எஸ்13இன் மேனிஃபோல்டில் உட்காரும், எண்ணெய், நீர்க் குழாய்களின் மூட்டுகளை மட்டும் மாற்ற வேண்டும். இவற்றோடு மணிக்கு 255 லிட்டர் தரும் பெட்ரோல் பம்ப், இசட்32 ஏர்ஃப்ளோ மீட்டர், முன்னால் நிற்கும் இன்டர்கூலர், ஒரு படி குளிர்ந்த பிளக், பிளக் இடைவெளி 0.8 மிமீ, பூஸ்ட் சுமார் 1 பார்.

இசட்32 மீட்டரை மாட்டிவிட்டுக் கணினியில் மேப் (எரிபொருள், பற்றவைப்பு அட்டவணை) மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ட்யூனுக்குப் போகும் முன் டைமிங் லைட்டால் அடிப்படை இக்னிஷன் 15 பாகையில் இருக்கிறதா என்று சரிபாருங்கள், அது தவறினால் மேப் முழுவதும் தவறும். வெளிக்காற்றில் "புஸ்" என்று விடும் வால்வு ஆசையா? மீட்டர் எண்ணிவிட்ட காற்றை நீங்கள் வெளியே விடுகிறீர்கள். கணினி அதற்கும் பெட்ரோல் ஊற்றும், கியர் மாற்றும்போது கரும்புகை வரும், சிக்னலில் எஞ்சின் அணையும். ஜப்பானிலிருந்து இறக்குமதியான, முன்பே ட்யூன் செய்த கார் என்றால் இன்னொரு எச்சரிக்கை: அந்த மேப் அங்குள்ள 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதியது. 95இல் எஞ்சின் தட்டும்.

எஸ்ஆரின் பேர்போன நோய் ராக்கர் ஆர்ம் கழன்று விழுவது. ஒய் வடிவ ஆர்ம் ஒன்று இரண்டு வால்வுகளை அழுத்துகிறது, அதைப் பிடித்து வைத்திருப்பது அழுத்தம் மட்டுமே. மூன்றாவதுக்குப் பதில் தவறி முதல் கியர் விழுந்து சுழற்சி எகிறினால், வால்வு மிதந்து ஆர்ம் நழுவும். ராக்கர் ஆர்ம் ஸ்டாப்பர்கள் விலை குறைவு, வால்வு மூடியைத் திறந்தாலே மாட்டலாம். அவை ஆர்மை ஓடவிடாமல் தடுக்கும், வால்வு மிதப்பதைத் தடுக்காது. சுழற்சி லிமிட்டரை உயர்த்த வேண்டாம். மேலே சொன்ன 28 கிலோ முறுக்குவிசை நடுச்சுழற்சியில்தான் இருக்கிறது.

சக்தியைத் தரையில் இறக்குவது

எஸ்15 ஸ்பெக்-ஆரின் ஹெலிகல் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் குறைக்கும் டிஃபரென்ஷியல்) சாலைக்காருக்கு அருமை. வாங்கும்போது இரு பக்கத்துக் குட்டி ஷாஃப்டுகளோடு சேர்த்தே வாங்குங்கள், பழையவை பொருந்தாது. ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பினால் ஹெலிகல் பூட்டாது, டிரிஃப்ட்டுக்கு 2-வே பிளேட் வகைதான். எஸ்15இன் ஆறு கியர் பெட்டியில் ஆசை வைக்காதீர்கள். பழைய ஐந்து கியர் பெட்டியைவிட அது மென்மையான பிள்ளை.

ஜப்பானிலேயே ஓட்டுகிறவர்களுக்கு: இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் ஷகென் பரிசோதனையில் தரையிலிருந்து 9 செமீ இடைவெளி வேண்டும், ரிம் ஃபெண்டருக்கு வெளியே நீட்டக் கூடாது, டயர் 10 மிமீக்கு மேல் நீட்டக் கூடாது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தாக வேண்டும். காயில்ஓவரின் பழைய உயரத்தைப் பெயின்ட் பேனாவால் அதன் திருகுமரையில் குறித்து வையுங்கள். கழற்றிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை விற்றுவிடாதீர்கள்.