மூலிகைச் சாறும் புற்றுச் செல்லும்: பிஎச்.டி. ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருச்சி, தஞ்சாவூர் பக்கம் புற்றுநோய் உயிரியலில் பிஎச்.டி. சேர்ந்தால், வரப்போரக் கரிசலாங்கண்ணியோ கீழாநெல்லியோ தலைப்பாக அமைவது சகஜம். அதன் சாறு, ஆய்வகத்தில் வளர்க்கும் புற்றுச் செல்லைக் கொல்கிறதா என்று பார்ப்பதே வேலை. தலைப்பில் கோளாறு இல்லை, கோளாறு செல்லில்தான்.

பக்கத்து ஆய்வகத்தில் ஒரு பிளாஸ்க் செல் கேட்டு வாங்கி வந்து வேலையை ஆரம்பிக்காதீர்கள். வாய்ப் புற்று என்று பெயர்பெற்ற கேபி, குரல்வளைப் புற்று எனப்படும் ஹெப்-2, ‘நல்ல கல்லீரல்’ என்று ஒப்பீட்டுக்கு வைக்கும் சாங் லிவர் மூன்றும் உண்மையில் ஹீலா, அதாவது 1951-இல் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த செல். சாங் லிவர் பிழைத்தது, புற்றுச் செல் செத்தது என்று எழுதினால், புற்றையும் புற்றையும்தான் ஒப்பிட்டிருக்கிறீர்கள். புனே தேசிய செல் அறிவியல் மையத்தின் களஞ்சியத்திலிருந்து வரவழையுங்கள். எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ கைரேகைச் சோதனையில் அடையாளத்தை உறுதிசெய்யுங்கள். ஆரம்பத்திலேயே பத்துக் குப்பி உறையவைத்து விடுங்கள்: உறையும்போது செல்லைக் காக்க 10% டிஎம்எஸ்ஓ கரைப்பான், நிமிடத்துக்கு 1 டிகிரி இறக்கம். செல் வளர்ப்பில் ஒளிந்து புகும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்யுங்கள். அதற்குச் செல்சுவர் கிடையாது, பெனிசிலின் ஒன்றும் செய்யாது, செல் வளரும் ஊட்டக் கரைசலான மீடியமும் கலங்காது.

அடுத்து, எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று பார்க்கும் எம்டிடி சோதனை. மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல் ஊதாவாக்கும் என்பதே கணக்கு. சாற்றிலுள்ள பாலிஃபீனால் என்ற தாவர வேதிப்பொருள்களோ செல்லே இல்லாமலும் ஊதாவாக்கிவிடும்! செல் செத்திருந்தாலும் 570 நானோமீட்டர் ஒளியில் அளக்கும் ஊதாவின் அளவு உயர்ந்தே நிற்கும். செல் இல்லாமல் மீடியம், சாறு, எம்டிடி மட்டும் போட்ட குழிகளைத் தட்டில் கட்டாயம் வையுங்கள். எம்டிடி ஊற்றுமுன் சாற்றை எடுத்துவிட்டு பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கழுவுங்கள். செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரிப்பான் புளூ சாயத்தில் எடுத்த எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சாறு போடாத கன்ட்ரோல் குழியிலும் அதே அளவு. ஐசி50, அதாவது செல்லைப் பாதியாகக் குறைக்கும் அளவு, மில்லிக்கு 500 மைக்ரோகிராம் என்று வந்தால் அதைப் பெருமையாக எழுத ஒன்றுமில்லை. அவ்வளவு ஊற்றினால் எந்தச் செல்லும் வாடும்.

ஒரே தட்டில் மூன்று குழி வைத்தால் அது மூன்று சோதனை ஆகாது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு பாசேஜில் (செல்லைப் பிரித்து மறுபடி வளர்க்கும் சுற்று) மூன்று தடவை செய்யுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செல் வளர்ப்பில் பூஞ்சை சுலபமாக ஏறும். இன்குபேட்டர் தண்ணீர்த் தட்டை வாரந்தோறும் மாற்றுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள்.

செடியையும் மறக்க வேண்டாம். வெள்ளைக் கரிசலாங்கண்ணியும் மஞ்சள் கரிசலாங்கண்ணியும் வேறு வேறு பேரினம். திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில் (உலர் தாவரக் காப்பகம்) காட்டி அடையாளச் சான்று வாங்குங்கள். சம்பா வயல் வரப்பில் பிடுங்குவதானால், எப்போது மருந்தடித்தது என்று விவசாயியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து எச்சமும் சாற்றோடு சேர்ந்து இறங்கும், அதுவும் செல்லைக் கொல்லும்.