அரம் எடுக்கும் முன் அளவு: டூ ஸ்ட்ரோக் சிலிண்டரில் போர்ட் டைமிங் மாற்றுவது

திருகோணமலையில் டூ ஸ்ட்ரோக் என்றால் இரண்டு வகை. ஒன்று வீதியில் ஓடும் பழைய மோட்டார் சைக்கிள். மற்றது போட்டின் பின்பக்கத்தில் மண்ணெண்ணெய் குடிக்கும் அவுட்போர்ட். கீழே வருவது முதலாவதுக்கு மட்டும். அவுட்போர்ட் சிலிண்டரில் அரம் வைக்கவே வேண்டாம். எக்ஸோஸ்ட் போர்ட்டை, அதாவது சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் துளையை, உயர்த்தினால் இழுவை மேல் ஆர்பிஎம்முக்குப் போய்விடும். ப்ரொப்பெல்லரோ எஞ்சினை அந்த ஆர்பிஎம்முக்கு ஏற விடாது. மிஞ்சுவது எண்ணெய்ச் செலவுதான். மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஜாம் ஆனால் உருட்டிக்கொண்டு வரலாம். நிலாவெளிக்கு வெளியே கடலில் என்ன செய்வது?

முதலில் கணக்கு. பிஸ்டன் உச்சியில் நிற்கும் புள்ளி டிடிசி. அங்கிருந்து கிராங்க் சுற்றுவதை எண்ணி 95 பாகையில் எக்ஸோஸ்ட் திறக்கிறது என்று வையுங்கள். 180இல் 95 போக 85. இரண்டால் பெருக்க 170. எக்ஸோஸ்ட் மொத்தம் 170 பாகை திறந்திருக்கிறது. அதேபோல கீழிருந்து புதுக் கலவை மேலே வரும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட் 120இல் திறந்தால் அதன் காலம் 120 பாகை. எக்ஸோஸ்ட் திறந்து ட்ரான்ஸ்ஃபர் திறக்கும்வரை உள்ள 25 பாகைதான் ப்ளோடவுன். எரிந்த வாயுவின் அழுத்தம் இந்த இடைவெளிக்குள் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ட்ரான்ஸ்ஃபர் திறந்ததும் புகை அதன் வழியே கீழே இறங்கி, மேலே வரவேண்டிய புதுக் கலவையைத் தள்ளிவிடும். ட்ரான்ஸ்ஃபர் வாய்க்குள் கரி அப்பியிருந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

இப்போது மில்லிமீட்டர். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50, யமஹா ஆர்எக்ஸ் 100இன் அளவு. கனெக்டிங் ராடை உதாரணத்துக்கு 100 மி.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால், 95 பாகை என்பது டிடிசியிலிருந்து 30.3 மி.மீ. கீழே, 120 பாகை 39.9 மி.மீ. கீழே. எக்ஸோஸ்ட்டின் மேல் விளிம்பை 1 மி.மீ. உயர்த்தினால் காலம் 170இலிருந்து கிட்டத்தட்ட 175 ஆகும். ட்ரான்ஸ்ஃபரை அதே 1 மி.மீ. உயர்த்தினால் 120 என்பது 126 ஆகும். பிஸ்டன் கீழே போகப்போக வேகம் குறைவதால் அங்கே ஒரு மில்லிமீட்டருக்குப் பாகை கூட.

'அடியில் இரண்டு கேஸ்கட் போட்டால் பிக்கப் வரும்' என்ற பழைய வைத்தியம் ஏன் அரைகுறை என்பது இங்கேதான் தெரிகிறது. சிலிண்டர் முழுவதும் 1 மி.மீ. உயர்ந்தால் எக்ஸோஸ்ட் 5 பாகை கூடும், ட்ரான்ஸ்ஃபர் 6 கூடும். ப்ளோடவுன் கூடாது, அரைப் பாகைக்குச் சற்று மேல் குறையும். அதோடு எரியறைக்குள் 2 சி.சி. இடம் சேரும். எரியறை 12 சி.சி. என்றால் கம்ப்ரெஷன் 9.2இலிருந்து 8க்கு இறங்கும். உயர்த்தத்தான் வேண்டுமென்றால் லேத்தில் கொடுத்து சிலிண்டரின் மேல் முகத்தில் அதே 1 மி.மீ. சீவவேண்டும். ரீட் வால்வு இல்லாமல் பிஸ்டனே இன்டேக்கைத் திறக்கும் எஞ்சினில் இன்டேக் காலமும் சுருங்கிவிடும்.

அளவெடுப்பது. ஹெட்டைக் கழற்றிவிட்டு, ஸ்டட்டுகளில் குழாய்த் துண்டு போட்டு நட் இறுக்குங்கள். சிலிண்டர் கேஸ்கட்டின் மேல் அழுந்தியிருக்க வேண்டும். 200 மி.மீ. விட்டத்தில் பாகை வட்டம் ஒன்றை அட்டையில் ஒட்டி மெக்னீட்டோ பக்க நட்டில் பிடியுங்கள். அந்த அளவில் ஒரு பாகை 1.75 மி.மீ. அகலம், கண்ணுக்குத் தெரியும். கம்பியை வளைத்து முள்ளாக்குங்கள். டிடிசியைக் கண்மட்டில் பிடிக்க முடியாது, உச்சியில் பல பாகைக்குப் பிஸ்டன் அசைவதே தெரியாது. தட்டை இரும்புத் துண்டொன்றில் போல்ட் போட்டு, முனை சிலிண்டருக்குள் 10 மி.மீ. இறங்கும்படி குறுக்கே பூட்டுங்கள். பிஸ்டன் முட்டும்வரை கையால் சுற்றி ஒரு எண், எதிர்ப்பக்கம் சுற்றி முட்டியதும் இன்னொரு எண். இரண்டுக்கும் நடுவே டிடிசி. பிறகு போல்ட்டைக் கழற்றி, எக்ஸோஸ்ட் வாயில் டார்ச் அடித்து, பிஸ்டன் விளிம்பில் ஒளிக்கோடு தெரியும் பாகையை எழுதுங்கள். மூன்று முறை செய்து மூன்றும் ஒத்துவராவிட்டால் முள் ஆடுகிறது.

நகரத்துக்குள் தினமும் ஓடும் சைக்கிளுக்கு எக்ஸோஸ்ட் 176 பாகை போதும். மேலே சொன்ன உதாரணத்தில் அது 1.3 மி.மீ. உயர்வு; ட்ரான்ஸ்ஃபரைத் தொடவில்லையென்றால் ப்ளோடவுன் 28 ஆகும். 190க்கு மேல் போவது ரேஸ் சிலிண்டர். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் முதல் கியரைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள்.

வெட்டும்போது சிலிண்டரைக் கழற்றி, மேல் விளிம்புக்கு மேலே மார்க்கிங் நீலம் பூசி, கோடு கீறுங்கள். 1.3 வேண்டுமென்றால் முதலில் 1 மி.மீ. மட்டும். நுனியில் பர் (வெட்டும் பல் முனை) பிடித்த டை கிரைண்டரைப் போர்ட்டின் உள்ளே பயன்படுத்தலாம். கோட்டை நெருங்கும் கடைசி 0.3க்கு அரம்தான். பர் ஒரு முறை வழுக்கினால் போரின் சுவரில் கோடு விழும், அதற்கு மருந்து ரீபோர், அதாவது சிலிண்டரைப் பெரிதாகக் கடைவது, மட்டுமே. மேல் விளிம்பு நேர்கோடாக இருக்கக்கூடாது, வில் போல வளைய வேண்டும். நேராக இருந்தால் ரிங் முழு அகலத்துக்கும் ஒரே நேரத்தில் இடிக்கும். அகலம், நேருக்கு நேர் அளந்தால், போரில் 62 சதவீதம்: 50 மி.மீ. போருக்கு 31 மி.மீ. அதற்கு மேல் போனால் ரிங் போர்ட்டுக்குள் பிதுங்கும். ரிங் நுனிகள் சந்திக்கும் இடத்தில் பிஸ்டனில் ஒரு சிறு ஊசி இருக்கும். அகலப்படுத்திய போர்ட் அந்த ஊசியின் பாதையில் வந்தால் முதல் ஓட்டத்திலேயே ரிங் முறியும். இதைப் பிஸ்டனை உள்ளே வைத்துப் பார்த்த பிறகே பக்கவாட்டில் கை வையுங்கள்.

இவ்வளவும் இரும்பு ஸ்லீவ் போட்ட சிலிண்டருக்கு. பூச்சுப் பூசிய அலுமினிய போர் என்றால் போரிலிருந்து போர்ட்டுக்குள் போகும் திசையில் மட்டும் வெட்ட வேண்டும். எதிர்த் திசையில் இழுத்தால் பூச்சு உரியும்.

வெட்டி முடிந்ததும் விளிம்பு முழுவதையும் 400 எமரியால் உருட்டுங்கள். விரல் நகத்தை மேலும் கீழும் இழுக்கும்போது தட்டக்கூடாது. போரின் சுவரில் லேசாக ஹோன் கல் போட்டு, சவர்க்காரமும் சுடுதண்ணீரும் கொண்டு கழுவுங்கள். பெற்றோல் மட்டும் எமரித் தூளை வெளியேற்றாது. துடைத்தவுடனே எண்ணெய் பூசுங்கள். இங்குள்ள உப்புக்காற்றில் வெற்று இரும்பு ஒரு இரவிலேயே சிவந்துவிடும்.

பூட்டிய பிறகு சாலிடர் கம்பியைப் பிஸ்டன் விளிம்பில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி ஸ்குவிஷ், அதாவது உச்சியில் பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி, பாருங்கள்: 1 மி.மீ. நல்லது, 0.7க்குக் கீழே வேண்டாம். மெயின் ஜெட் இரண்டு அளவு பெரியதில் தொடங்கி, ப்ளக் நிறம் பார்த்துப் படிப்படியாக இறங்குங்கள். சின்னதில் தொடங்கி ஏறுகிறவர்கள்தான் பிஸ்டனில் ஓட்டை போடுகிறார்கள்.

ஸ்டாக் சைலன்சரை விட்டுவிட்டுப் போர்ட்டை மட்டும் உயர்த்தினால் கீழிழுவை போகும், மேலே பெரிதாக வராது. கூம்புகளாலான எக்ஸ்பான்ஷன் பைப் ஒன்றைச் சைலன்சருக்குப் பதிலாகச் செய்வதென்றால், பிஸ்டன் முகத்திலிருந்து பின் கூம்பு வரையுள்ள நீளத்துக்கு எக்ஸோஸ்ட் பாகையை 43,000ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுங்கள். 176 பாகை, 8,500 ஆர்பிஎம் என்றால் 890 மி.மீ. அளவில் வரும். தகடு வெட்டும் முன் அந்த நீளம் ஃப்ரேமுக்குக் கீழே அடங்குகிறதா என்று பழைய ஹோஸ் துண்டொன்றை வளைத்துப் பாருங்கள்.