பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘கிரேடு’ பார்ப்பது எப்படி?

போன வருடம் அத்தைக்கு மார்பில் கட்டி என்று தெரிந்ததும் திருமங்கலத்துக்கும் மதுரைக்குமாக நாலு மாதம் அலைந்தோம். ஆபரேஷன் முடிந்து வந்த ரிப்போர்ட்டில் ‘கிரேடு 3’ என்று இருந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு, “மூணுன்னு போட்டிருக்கே தாயி, மூணாவது ஸ்டேஜுன்னா முத்திப்போச்சுன்னுதானே அர்த்தம்?” என்று கோரிப்பாளையம் பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று ராத்திரி வீட்டில் அடுப்பே எரியவில்லை. கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு என்பது மறுநாள் டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்தது. புற்றுநோய்ச் செல்கள் இயல்பான செல்லிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது கிரேடு; கட்டி எவ்வளவு பெரிது, எதுவரை பரவியிருக்கிறது என்பது ஸ்டேஜ். அப்படி ஒரு ராத்திரி உங்கள் வீட்டுக்கு வர வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். மார்பகப் புற்றுநோயை வைத்தே சொல்கிறேன்.

படி 1: எது எடுத்து அனுப்பப்பட்டது?

ரிப்போர்ட்டின் தலைப்பில் இருக்கும். எஃப்என்ஏசி என்றால் மெல்லிய ஊசியால் உறிஞ்சிய செல்கள் மட்டும். புற்றுநோய்ச் செல் இருக்கிறதா என்று அதில் தெரியும். பக்கத்துச் சதைக்குள் ஊடுருவியிருக்கிறதா என்று தெரியாது. கோர் பயாப்ஸியில் தடித்த ஊசியில் நூல் நூலாகச் சதையே வரும். ஆபரேஷன் என்றால் முழுக் கட்டியும் லேபுக்குப் போகும்.

படி 2: மூன்று எண்களைக் கூட்டுங்கள்

இது நாட்டிங்ஹாம் முறை. 1957இல் புளூம், ரிச்சர்ட்சன் வகுத்ததை 1991இல் எல்ஸ்டன், எல்லிஸ் திருத்தினார்கள். லேபில் சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் நோயியல் மருத்துவர் மூன்று விஷயங்களுக்கு 1 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்.

முதலாவது குழல் அமைப்பு. இயல்பான மார்பகச் செல்கள் சின்னக் குழல்களாக அடுக்கி நிற்கும். கட்டியில் 75 சதவீதத்துக்கு மேல் அப்படி நின்றால் 1, 10 சதவீதத்துக்கும் கீழே போனால் 3, இடைப்பட்டது 2. இரண்டாவது, உட்கரு எவ்வளவு பெருத்து, உருமாறி இருக்கிறது என்பது. மூன்றாவது மைட்டோசிஸ், அதாவது பிளந்துகொண்டிருக்கும் செல்களின் எண்ணிக்கை. மொத்தம் 3 முதல் 5 வரை கிரேடு 1. 6, 7 என்றால் கிரேடு 2. 8, 9 என்றால் கிரேடு 3.

ரிப்போர்ட்டில் கிரேடு மட்டும் இருந்தால் மூன்று மதிப்பெண்களையும் கேட்டு வாங்குங்கள். ஏன் என்று அடுத்த படியில் புரியும்.

படி 3: இரண்டு ரிப்போர்ட்டும் ஒத்துப்போகவில்லையே!

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். அத்தையின் கோர் பயாப்ஸியில் 3+2+2, மொத்தம் 7, கிரேடு 2. ஒரு மாதம் கழித்து ஆபரேஷன் ரிப்போர்ட்டில் கிரேடு 3. ஒரு மாதத்தில் நோய் வளர்ந்துவிட்டது, நாள் தள்ளிப்போட்டது நாங்கள்தான் என்று எனக்கு ஒரே குற்ற உணர்ச்சி. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் 3+2+3 என்று தெரிந்தது. மைட்டோசிஸ் மட்டும் ஒன்று கூடி, மொத்தம் 8 ஆகியிருக்கிறது.

காரணம் எளிது. செல் பிளவு கட்டி முழுக்க ஒரே மாதிரி நடக்காது. பெரும்பாலும் ஓரத்தில்தான் மும்முரமாக இருக்கும். ஊசியில் வந்த சதை அந்த இடத்தைத் தொட்டிருக்க வேண்டும் என்றில்லை. முழுக் கட்டி வந்த பிறகு, அதிகம் பிளவு நடக்கும் இடத்தைத் தேடி 10 பார்வைப் புலங்களில் (மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவையில் தெரியும் வட்டம்) எண்ணுகிறார்கள். அதனால் கோர் பயாப்ஸியில் கிரேடு குறைவாகத் தெரிவது வழக்கம்தான். ஆபரேஷனுக்கு முன்பே கீமோ கொடுத்திருந்தால் மட்டும் கணக்கு மாறும். மருந்து செல்களையே மாற்றிவிடுவதால் பழைய கோர் பயாப்ஸியின் கிரேடை அப்போது விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று. மைக்ராஸ்கோப்பின் பார்வைப் புலம் அகலமாக இருந்தால் எண்ணிக்கை கூடும். அதனால் இரண்டு லேபின் மைட்டோசிஸ் எண்ணிக்கையை நேரடியாக ஒப்பிடாதீர்கள், மதிப்பெண்ணை ஒப்பிடுங்கள்.

படி 4: ஸ்டேஜ்

கட்டியின் அளவுக்கு ‘டி’ (T) என்ற எழுத்து: 2 செ.மீ. வரை டி1, 5 செ.மீ. வரை டி2, அதற்கு மேல் டி3. அக்குளில் எடுத்த நெறிக்கட்டிகளில் எத்தனையில் நோய் இருந்தது என்பதற்கு ‘என்’ (N) என்ற எழுத்து. அத்தைக்கு 2.6 செ.மீ., 14 நெறிக்கட்டியிலும் நோய் இல்லை. வேறு எங்கும் பரவவில்லை என்பதால் உடற்கூறுபடி ஸ்டேஜ் 2ஏ. கிரேடு 3, ஆனால் ஸ்டேஜ் 2. மாமாவுக்கு இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இன்றும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

படி 5: ஈஆர், பிஆர், ஹெர்2

ஈஆர், பிஆர் இரண்டும் புற்றுநோய்ச் செல்லில் இருக்கும் ஹார்மோன் ஏற்பிகள்; ஹெர்2 செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம். ஈஆர் 1 சதவீதச் செல்களில் இருந்தாலே பாசிட்டிவ். ஹெர்2வில் 0, 1+ நெகட்டிவ், 3+ பாசிட்டிவ், 2+ வந்தால் ஃபிஷ் (ஹெர்2 மரபணு கூடியிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் பரிசோதனை) செய்துதான் முடிவு சொல்வார்கள். கிரேடு 3 என்றாலும் ஈஆர் பாசிட்டிவாக இருந்தால் ஹார்மோன் மாத்திரை பலன் தரும் என்பதால், கிரேடை மட்டும் வைத்து எதிர்காலத்தைச் சொல்ல முடியாது.

சதை பாட்டிலை லேபுக்கு நம் கையில் கொடுத்தனுப்பும் இடங்கள் உண்டு. எங்களிடமும் ஒரு இடத்தில், “நாளைக்குக் கொடுத்தால் போதும்” என்றார்கள். சதை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் (சதை கெடாமல் காக்கும் திரவம்) மூழ்கியிருக்க வேண்டும். தாமதமானால் மைட்டோசிஸ் குறைவாகத் தெரியும், ஈஆரும் மங்கும். தண்ணீரோ சலைனோ இருந்தால் வாங்காதீர்கள். பாட்டில் நிறைய ஃபார்மலின் கேளுங்கள்.

எனக்குப் பிடித்த கருவி 80 பக்க நோட்டு. தேதி, கிரேடு, மூன்று மதிப்பெண், கட்டி அளவு, நெறிக்கட்டி, ஈஆர், ஹெர்2 என்று ஒரே பக்கத்தில் எழுதினால் எந்த டாக்டரும் அரை நிமிடத்தில் பார்த்துவிடுவார். வாட்ஸாப்பில் அனுப்பும் மங்கலான போட்டோ எனக்கு ஒத்துவராது. எந்தச் சிகிச்சையில் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும் பிரெடிக்ட் என்ற இணையக் கணிப்பான் நல்லது. ஆனால் அது இங்கிலாந்து நோயாளிகளின் தரவில் உருவானது. டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் திறங்கள்.

சேர்த்தது: மேலூரிலிருந்து ஒருவர், அப்பாவின் புராஸ்டேட் ரிப்போர்ட்டில் 4+3=7 என்று இருக்கிறதே, அதுவும் கிரேடு 2தானா என்று கேட்டார். இல்லை. அது கிளீசன் கணக்கு, புராஸ்டேட் புற்றுநோய்க்கான முறை; கட்டியில் அதிகம் காணும் செல் அமைப்பின் எண் முதலில் வரும். அதில் வரிசை முக்கியம்: 3+4 என்றால் 2ஆம் குழு, 4+3 என்றால் 3ஆம் குழு. ஒவ்வொரு புற்றுநோய்க்கும் தனிக் கணக்கு.

இன்னொருவர் இரண்டாம் கருத்துக்காக ஸ்லைடை (சதைச் சீவல் ஒட்டிய கண்ணாடி) மட்டும் சென்னைக்குக் கொண்டுபோய்த் திரும்பி வந்திருக்கிறார். ஃபிஷ் செய்ய மெழுகு பிளாக்கும் (சதையை மெழுகில் பதித்து வைத்த கட்டி) வேண்டும். கிளம்பும் முன் லேபில் எழுதிக் கொடுத்து இரண்டையும் வாங்குங்கள். பிளாக்கின் எண் ரிப்போர்ட் எண்ணோடு பொருந்துகிறதா என்று அங்கேயே பாருங்கள். வெயிலில் மெழுகு உருகும், பைக் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.