இந்தப் பாரா என்ன கேள்விக்குப் பதில் சொல்லுது? கட்டுரையோட அமைப்பைப் பிள்ளைங்களுக்குப் பிடிபட வைக்கிறது எப்படி

ஏழாவது பிள்ளைங்ககிட்ட ஒரு பாடத்தைக் குடுத்து படிக்க வச்சு என்னடா புரிஞ்சுதுன்னு கேட்டுப் பாருங்க, முதல் வரியை ஒப்பிப்பாங்க, இல்லனா கடைசி வரியை. கதைன்னா இந்தத் தொல்லை இல்ல, அடுத்து என்ன ஆச்சுங்கிற ஆசையே இழுத்துட்டுப் போயிடும். தகவல் கட்டுரைல அந்த இழுவை கிடையாது, அது வேற மாதிரி கட்டியிருக்கும், எப்படிக் கட்டியிருக்குன்னு யாராச்சும் காட்டித் தரணும்.

முதல்ல நான் பண்ண தப்பைச் சொல்லிடுறேன். விவரிப்பு, வரிசை, காரணம் விளைவு, ஒப்பீடு, பிரச்சனை தீர்வு, இந்த அஞ்சு அமைப்பையும் பெரிய சார்ட்ல எழுதி ஒவ்வொண்ணுக்குக் கீழயும் அதைக் காட்டிக்குடுக்குற அடையாளச் சொல்லையும் போட்டு முதல் நாளே ஒட்டிட்டேன். பசங்க உஷாரு, 'ஆனால்' வந்தா ஒப்பீடு, 'பிறகு' வந்தா வரிசைன்னு டிக் அடிச்சுட்டுப் போய்ட்டே இருந்தாங்க, பாராவை ஒருத்தனும் படிக்கல.

இப்ப நான் பண்றது, ஒரே விஷயத்தை எடுத்து அஞ்சு விதமா அஞ்சு பாரா நானே எழுதிக்குவேன். விஷயம் மாறாம இருந்தாத்தான் அமைப்பு மட்டும் தனியாத் தெரியும். எனக்கு வசதியானது பாம்பன் பாலம், பாதிப் பேரு ராமேஸ்வரம் போய்ட்டு வந்திருப்பாங்க.

முதல் பாரா பாலம் எப்படி இருக்கும்னு மட்டும் சொல்லும்: கடலுக்கு மேல 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான நீளம், தண்டவாளத்தைத் தாங்குற இரும்பு கர்டர், நடுவுல கப்பலுக்காகத் திறக்குற பகுதி. ரெண்டாவது பாரா வருஷக் கணக்கு. 1914ல திறந்தாங்க, 1964 டிசம்பர்ல புயல் அடிச்சுது, 1988ல பக்கத்துலயே ரோட்டுப் பாலம் வந்துச்சு, 2025ல புது ரயில் பாலம். மூணாவதுல உப்புக்காத்து, அதனால துரு, துருவால பலம் குறைஞ்சு 2022 கடைசில ரயிலை நிறுத்துனது. நாலாவது பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வைக்கும், பழைய பாலத்துல ஆளுங்க கையால லீவர் சுத்தி ரெண்டு பக்கமும் மேல தூக்குவாங்க, புதுசுல நடுத்துண்டு மொத்தமா லிஃப்ட் மாதிரி மேல ஏறும். அஞ்சாவது, 1964 புயல்ல கர்டருங்க கடலுக்குள்ள போயிடுச்சு, அப்ப ரோடு கிடையாது, தீவுக்கு ரயில் போக வேற வழியே இல்ல, ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையில கடல்ல கிடந்த கர்டரையே தேடி எடுத்து மாட்டி 46 நாள்ல ரயிலை ஓட விட்டாங்க. (இந்தப் பாராவைப் படிக்கும்போது மட்டும் கிளாஸ் கப்சிப்னு இருக்கும்.)

அஞ்சு பாராவையும் தனித்தனி சீட்டா வெட்டி நாலு பேருக்கு ஒரு செட் குடுங்க. எந்தப் பேரும் சொல்லாதீங்க. ஒரே ஒரு வேலை தான், ஒவ்வொரு சீட்டும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுதுன்னு பின்னாடி எழுதணும். எப்படி இருக்கும், எப்ப எது நடந்துச்சு, ஏன் நடந்துச்சு, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், சிக்கலை எப்படி சரி பண்ணாங்க, இந்த அஞ்சும் அவங்க வாயிலேருந்தே வந்துடும். அப்புறம் பேரு சொன்னா போதும், அதுக்கு ரெண்டு நிமிஷம் தான் ஆகும்.

சண்டை எங்க வரும்னா மூணாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல. புயல் அடிச்சதால தானே மிஸ் கர்டர் போச்சு, அப்ப இதுவும் காரணம் தானேன்னு ஒருத்தி கேப்பா. கேக்கட்டும், நல்ல கேள்வி. யாராவது எதையாவது சரி பண்ணப் பாத்தாங்களான்னு திருப்பிக் கேளுங்க. சரி பண்ண ஆள் வந்துட்டா பிரச்சனை தீர்வு, ஆள் யாரும் வராம ஒண்ணு இன்னொண்ணைத் தள்ளிவிட்டுக்கிட்டே போனா காரணம் விளைவு. அதே மாதிரி வரிசைக்கும் காரணத்துக்கும் குழப்பம் வரும். 1964க்கு அப்புறம் 1988 வந்துச்சு, அதுக்காக புயலால தான் ரோட்டுப் பாலம் வந்துச்சுன்னு அந்தப் பாரா சொல்லவே இல்லயே. 'அதுக்கப்புறம்' வேற, 'அதனால' வேற, இதை ஒரு முழு பீரியட் பேசினாலும் தப்பில்ல.

அடையாளச் சொல்லு இதுக்கப்புறம் தான். இங்க ஒண்ணு கவனிங்க, இங்கிலீஷ் சார்ட்டைப் பாத்து அப்படியே மொழிபெயர்த்து ஒட்டுனா தமிழ்ல பாதி வேலைக்கு ஆகாது, ஏன்னா நம்ம மொழில அடையாளம் பெரும்பாலும் தனிச் சொல்லா நிக்காது, வினையோட வால்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். 'மழை பெய்ததால்' காரணம், 'மழை பெய்தால்' நிபந்தனை, நடுவுல ஒரே ஒரு 'த' தான் வித்தியாசம், வேகமாப் படிக்கிற பையன் ரெண்டையும் ஒண்ணாப் படிச்சுட்டுப் போவான். 'இரும்பால் ஆனது'லயும் 'ஆல்' இருக்கு, அது வெறும் விவரிப்பு. 'பழையதைவிட'ல இருக்குற 'விட' ஒப்பீடு, 'ரயிலை ஓட விட்டாங்க'ல இருக்குறது வேற. அதனால சொல்லை வட்டம் போடச் சொல்லாம, வால்ல கோடு போடச் சொல்லுங்க, போட்டுட்டு அந்த வால் இந்த இடத்துல என்ன பண்ணுதுன்னு பக்கத்துப் பிள்ளைகிட்ட சொல்லணும்.

படமும் வரைய வைங்க, ஆனா ரொம்ப அலங்காரம் வேண்டாம். வரிசைக்குப் படிக்கட்டு, ஒப்பீட்டுக்கு நடுவுல கோடு போட்ட அட்டவணை, காரணத்துக்கு அம்புக்குறி. மத்த ரெண்டுக்கும் அவங்களே எதையாவது கண்டுபிடிப்பாங்க, ஒரு பொண்ணு பிரச்சனை தீர்வுக்குப் பூட்டும் சாவியும் போட்டா, இப்ப கிளாஸ் முழுக்க அதே தான்.

பரீட்சையோட முடிச்சுப் போட்டுக் காட்டுனா பெரிய பசங்களுக்கும் ஆர்வம் வரும். 'வேறுபடுத்துக'ன்னா ஒப்பீடு, 'காரணம் கூறுக'ன்னா பேர்லயே இருக்கு, 'படிநிலைகளை விளக்குக'ன்னா வரிசை. கேள்வியே எந்த அமைப்புல பதில் எழுதணும்னு சொல்லிடுது. வேறுபடுத்துகன்னு கேட்டா முதல்ல ஒண்ணைப் பத்தி ஒரு பாரா, அப்புறம் இன்னொண்ணைப் பத்தி ஒரு பாரான்னு எழுதி மார்க்கை விடுறவங்க எத்தனை பேரு.

அடுத்த கட்டம் உண்மையான பாடம். அங்க எதுவுமே சுத்தமா ஒரே அமைப்புல இருக்காது, ஒரு பக்கத்துக்குள்ளயே மூணு அமைப்பு வரும், அதனால பாடத்துக்கு ஒரு பேரு குடுக்கச் சொல்லாதீங்க, பாரா பாராவா ஓரத்துல பென்சிலால குறிக்கச் சொல்லுங்க. அறிவியல் புத்தகம் இதுக்கு நல்லாருக்கும், பேப்பர்ல வர்ற வெள்ளச் செய்தியும். ரெண்டு பேரு வேற வேற எழுதியிருந்தா உடனே எது சரின்னு சொல்லிடாதீங்க, எந்த வரியைப் பாத்து சொல்றன்னு கேளுங்க, வரியைக் காட்ட முடிஞ்சா ரெண்டுக்குமே மார்க் உண்டு.

கடைசியா எழுத வைக்கணும். டீக்கடை, பஸ் ஸ்டாப், வீட்டு மாடின்னு ஏதாவது ஒண்ணு, அஞ்சு அமைப்புல ரெண்டை மட்டும் சீட்டுக் குலுக்கி எடுத்து நாலு நாலு வரி எழுதி மாத்திக்கணும், அடுத்தவங்க கண்டுபிடிக்கணும். கண்டுபிடிக்க முடியலன்னா எழுதுனவங்க தான் திருத்தணும். அந்த சார்ட்டை அதுக்கப்புறம் ஒட்டுங்க, பிள்ளைங்க கையெழுத்துலயே.