பழைய போட்டோவில் நிற்கும் பெல்ட் எஞ்சின் எது? நான் கண்டுபிடித்த வழி

எங்கள் தாத்தா ரைஸ் மில்லில் எஞ்சின் டிரைவர். பெல்ட் மாட்டி மில் மிஷின்களை ஓட்டும் எஞ்சின் அது. கையில் எண்ணெய்க் குப்பியோடு எஞ்சின் பக்கத்தில் அவர் நிற்கும் ஒரே ஒரு போட்டோ, அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. அது என்ன எஞ்சின் என்று கண்டுபிடிக்க ஏழு வாரம் ஆனது. அதில் ஆறு வாரம் வெட்டி வேலை. காரணம் மூன்றாவது படியில் இருக்கிறது. அவசரக்காரர்கள் நேரே அங்கே போய்விடலாம்.

படி 1: ஸ்கேன்

போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அது படத்தை நசுக்கிவிடும். தட்டையான ஸ்கேனரில் 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) வைத்து எடுங்கள். மங்கலைத் தெளிவாக்கித் தரும் ஏஐ ஆப் எதுவும் வேண்டாம். என் படத்தில் எஞ்சின் மூடியில் இருந்த அழுக்குக் கறையை அப்படி ஒரு ஆப் அழகான ஆங்கில எழுத்தாக மாற்றிக் கொடுத்தது. அப்படி ஒரு கம்பெனியே கிடையாது! ஜிம்ப் என்ற படம் திருத்தும் சாஃப்ட்வேரில் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் கூட்டிக் குறைத்தாலே போதும்.

படி 2: பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள்

எல்லாரும் முதலில் எஞ்சினைத்தான் பார்ப்பார்கள். நான் பெல்ட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். அகலமான தட்டை பெல்ட்டா, பள்ளத்தில் ஓடும் வி-பெல்ட்டா? தட்டை பெல்ட் என்றால் மறுமுனை எங்கே போகிறது என்று பாருங்கள். கூரைக்கு அடியில் நீளமாக ஓடும் ஷாப்ட்டுக்கு (சுழலும் இரும்புத் தண்டு) போனால் மில். ஒரே பம்புக்குப் போனால் தோட்டம். நடுவில் எட்டு போல முறுக்கிப் போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், அறுந்து சுற்றிக்கொண்டதல்ல. எதிர்ப் பக்கம் சுற்றவேண்டிய இயந்திரத்துக்கு அப்படித்தான் மாட்டுவார்கள். ஷாப்ட்டில் ஒட்டி ஒட்டி இரண்டு புல்லி (பெல்ட் மாட்டும் சக்கரம்) தெரிந்தால், ஒன்று சும்மா சுற்றுவது. எஞ்சினை நிறுத்தாமலே பெல்ட்டை அதன் மேல் தள்ளிவிட்டு மிஷினை மட்டும் நிறுத்தலாம்.

(பெல்ட் வழுக்கினால் குங்கிலியப் பொடி தூவுவார்கள். அந்தச் சூட்டில் வரும் வாசம் போட்டோவில் வராது என்பதுதான் குறை.)

படி 3: படம் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறதா?

என்னைக் கவிழ்த்தது இதுதான். எந்த எஞ்சின் படத்தோடு ஒப்பிட்டாலும் உருவம் சரியாக வரும், ஆனால் டீசல் பம்பும் வால்வைத் தள்ளும் புஷ் ராடுகளும் வரிசை மாறி நிற்கும். 'இது வேறு மாடல் போல' என்று அடுத்த கம்பெனிக்குப் போவேன். இப்படியே ஆறு வாரம். கடைசியில் பார்த்தால், நெகட்டிவை முன்பின்னாகப் புரட்டி வைத்துப் பிரின்ட் போட்டிருக்கிறார்கள்.

இதைச் சோதிக்க எஞ்சினைப் பார்க்கவே வேண்டாம், ஆட்களைப் பாருங்கள். தாத்தாவின் சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. பை எப்போதும் இடது பக்கம்தானே! பெண்கள் இருந்தால் முந்தானை எந்தத் தோளில் என்று பாருங்கள், நம் ஊரில் இடது தோள். ஆனால் குஜராத்திக் கட்டில் முந்தானை வலது தோளில் வரும், அதனால் இதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதவேண்டாம். சுவரில் எழுத்து இருந்தால் வேறு சாட்சியே தேவையில்லை. படத்தைத் திருப்பிப் போட்டதும் அன்று மாலையே எஞ்சின் அகப்பட்டது.

படி 4: நீராவியா, ஆயிலா?

படுத்த கொதிகலன், அதன் முதுகில் சிலிண்டர், ஓரத்தில் பெரிய சக்கரம், முன்னால் நீளப் புகைபோக்கி, அடியில் வண்டிச் சக்கரம்: இது இடத்துக்கு இடம் நாம் இழுத்துக்கொண்டு போகக்கூடிய நீராவி எஞ்சின். இங்கிலாந்தில் கெய்ன்ஸ்பரோ ஊரின் மார்ஷல், இப்ஸ்விச் ஊரின் ரான்சம்ஸ் என்ற இரண்டு கம்பெனிகளும் இதில் பேர்போனவை.

கொதிகலன் இல்லாமல் சிலிண்டர் மட்டும் படுத்திருந்து, அதன் பின்முனையில் குமிழ் மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருந்தால், ஹார்ன்ஸ்பி-அக்ராய்ட் வகையாக இருக்கலாம். இங்கிலாந்தின் கிரான்தம் ஊரில் ஹார்ன்ஸ்பி கம்பெனி 1892 முதல் செய்தது. அந்தக் குமிழை ப்ளோ லேம்ப்பின் (தீ பீய்ச்சும் விளக்கு) சூட்டில் சுடவைத்த பிறகுதான் எஞ்சின் ஓடும். ஹார்ன்ஸ்பி 1918-ல் லிங்கன் ஊரின் ரஸ்டன் கம்பெனியோடு சேர்ந்து 'ரஸ்டன் அண்டு ஹார்ன்ஸ்பி' ஆனது. ஆகவே அந்த முழுப்பெயர் எழுதியிருந்தால் எஞ்சின் அதற்குப் பிந்தையது.

இங்கே ஏமாறவும் ஒரு இடம் உண்டு. படுத்த பெட்ரோல் எஞ்சின்களில் சிலிண்டரின் தலைமேல் திறந்த தண்ணீர்த் தொட்டி இருக்கும். தண்ணீர் கொதித்து ஆவி பறக்கும். அதைப் பார்த்து நீராவி எஞ்சின் என்று எழுதிவிடாதீர்கள்.

என் தாத்தாவுடையது நின்ற ஒற்றைச் சிலிண்டர், இரண்டு பக்கமும் கனத்த சக்கரம். லிஸ்டர் சிஎஸ். இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊர்த் தயாரிப்பு. 5 குதிரைச் சக்தி, நிமிடத்துக்கு 600 சுற்று. பின்னால் வந்தது 6 குதிரைச் சக்தி, 650 சுற்று. சிஎஸ் என்றால் 'கோல்ட் ஸ்டார்ட்', அதாவது சுடவைக்காமலே கிளம்பும்.

படி 5: அளவு

மில்லின் சுவர் இன்னும் நிற்கிறது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். செங்கல்லும் சாந்தும் சேர்ந்து ஒரு வரிசை 3 அங்குலம். படத்தில் சுவரை ஒட்டி நிற்கும் சக்கரம் எட்டு வரிசை உயரம், அதாவது 2 அடி. சிஎஸ்ஸுக்குப் பொருந்தியது. ஆளை வைத்து அளக்காதீர்கள். எஞ்சினுக்கு முன்னால் நிற்பவர் கேமராவுக்குக் கிட்டே இருப்பார், சக்கரம் சிறுத்துத் தெரியும்.

எஞ்சினை வைத்து வருஷம் சொல்லாதீர்கள்

சிஎஸ் 1930 வாக்கில் வந்து 1987 வரை தயாரானது. ஆகவே 'இதற்கு முன் இல்லை' என்று மட்டுமே சொல்லமுடியும். வருஷத்துக்குச் சட்டைக் காலரும் போட்டோ அட்டையின் பின்பக்கமும் மேல்.

பின்சேர்க்கை 1: பெயர்த் தகடு தெரியாமல் லிஸ்டர் என்று எப்படிச் சொன்னீர்கள் என்று ஒருவர் கமென்ட்டில் மடக்கினார். நியாயம்தான். ராஜ்கோட்டில் இதே உருவத்தை அச்சு அசலாக வார்த்து வேறு வேறு பெயரில் விற்றிருக்கிறார்கள். அதனால் படத்தின் கீழே 'லிஸ்டர் சிஎஸ் வகை' என்று திருத்தியிருக்கிறேன். நீங்களும் அந்த 'வகை'யை விடாதீர்கள்.

பின்சேர்க்கை 2: எஞ்சின் போனாலும் அடித்தளம் இருக்குமே என்று இன்னொருவர் எழுதினார். போன ஞாயிறு மறுபடியும் போனேன். கான்கிரீட் மேடையில் நான்கு போல்ட்டில் மூன்று நிற்கின்றன. ஒன்றில் ஆடு கட்டியிருந்தார்கள். அவிழ்த்துவிடச் சொல்லி அளவெடுத்து வந்திருக்கிறேன், பழைய கையேட்டின் வரைபடத்தோடு ஒப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.