குட்டையில் மீன் விடுவதற்கு முன் பத்திரத்தைப் பாருங்கள்

கொங்குப் பக்கத்துத் தோட்டங்களில் பண்ணைக் குட்டையில் மீன் விட்டால், தீவனம் போடுவதும் விடியலில் தண்ணீரைப் பார்ப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். விற்ற காசு மட்டும் வீட்டு ஆண் கணக்குக்குப் போய்விடும். ஆகவே பெண்களே, மீன் குஞ்சு வாங்கும் முன் காகிதத்தைச் சரிசெய்யுங்கள்.

2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவு ஆணுக்கு மானியம் 40 சதவீதம், பெண்ணுக்கு 60. அந்த 20 சதவீதத்துக்காக மனைவி பேரில் எழுதிப் போட்டுவிட்டு, ஏடிஎம் கார்டை வீட்டுக்காரர் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதும் உண்டு. கார்டும் வங்கியில் கொடுத்த போன் நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும். பட்டா மாமனார் பேரில் இருந்தால், சர்வே எண் போட்டு உங்கள் பேருக்குக் குத்தகைப் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வெறும் தாளில் எழுதியது செல்லாது. மானியம் வேலையை ஆய்வு செய்த பிறகுதான் வரும், முதல் செலவு கைக்காசு. மீன் வளர்ப்புக்கும் கிசான் கடன் அட்டை உண்டு. 2025 முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கி ஈடு கேட்கக் கூடாது. இந்த ஆண்டு என்ன திட்டம் நடப்பில் இருக்கிறது என்பதை மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

இனி குட்டை. சரளை மண்ணில் தண்ணீர் நிற்காது, ஷீட் விரிக்க வேண்டும். 10 சென்ட் மண் குட்டைக்குச் சுண்ணாம்பு 10 கிலோ, ஒரு வாரம் கழித்துச் சாணம் 80 கிலோ கரைத்து விடுங்கள். தண்ணீர் ஐந்தடியாவது நிற்கட்டும். வாய்க்கால் தண்ணீர் என்றால் மடையில் வலை கட்டாமல் விடாதீர்கள். ஜிலேபி மீன் நுழைந்து தீவனத்தைத் தின்று தீர்த்துவிடும். முழங்கை மூழ்கும்வரை கையை விட்டால் உள்ளங்கை மங்கலாகத் தெரிய வேண்டும். மணிக்கட்டு அளவிலேயே மறைந்தால் பாசி அதிகம், சாணத்தை நிறுத்துங்கள்.

குஞ்சு 400 போதும்: கட்லா 160, ரோகு 120, மிர்கால் 120. குஞ்சு வந்த பையை 20 நிமிடம் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிறகு திறங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை யார் மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள், தடை செய்யப்பட்ட மீன்.

கடலைப் புண்ணாக்கும் தவிடும் சரிபாதி. 10 கிராம் குஞ்சு 400 என்றால் மொத்த எடை 4 கிலோ. அதில் 5 சதவீதம், நாளுக்கு 200 கிராம். மீன் அரைக்கிலோ ஆனதும் 2 சதவீதமாகக் குறையுங்கள்.

மேகமூட்டமாக இருந்த மறுநாள் விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் பற்றவில்லை. இரவெல்லாம் பாசியும் சேர்ந்து அதை இழுத்திருக்கும். தீவனத்தை அன்றைக்கு நிறுத்தி, மோட்டார் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டவிடுங்கள். இரவு மோட்டார் போடப் பெண்கள் போகக் கூடாது என்று வீட்டில் சொன்னால் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்துவிடுங்கள், சண்டை மிச்சம்.

எட்டு முதல் பத்து மாதத்தில் பிடிக்கலாம். வலை தண்ணீரில் இறங்கும் முன்பே கிலோ விலையைப் பேசி முடியுங்கள். மீன் கரை ஏறிய பிறகு வியாபாரி சொல்வதுதான் விலை. எடையை நீங்களே நோட்டில் எழுதுங்கள். ஜிபேயில் அனுப்புகிறேன் என்றால் உங்கள் நம்பரைக் கொடுங்கள்.