பெரிய செடித் தொட்டி: தண்ணீர் ஊற்றும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். வீட்டில் பெரிய செடித் தொட்டி, அதாவது நீருக்கடியில் செடிகளை மீன்களோடு வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, வைக்க நினைப்பவர்கள் பலரும் வந்து நிற்கும் அளவு இதுதான். இந்த அளவில் வரும் சிக்கல்களுக்குப் பாசி, செடி அழுகல், மீன் சாவு என்று பல பெயர்கள் இருந்தாலும், பெரும்பாலானவை தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பு எடுத்த முடிவுகளிலிருந்தே கிளம்புகின்றன. சின்னத் தொட்டியை ஒரே நாளில் பிரித்துப் போட்டு மறுபடி கட்டிவிடலாம். முக்கால் டன் எடையில் அது நடக்காது. கீழே வரும் கணக்கெல்லாம் இந்த 5×2×2 தொட்டியை வைத்துத்தான்.

உயரத்தின் மேல் ஆசை

பெரிதாக வேண்டும் என்றதும் உயரத்தைக் கூட்டுவதுதான் முதல் தவறு. முன்கண்ணாடி தாங்க வேண்டிய விசை உயரத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. நீர்மட்டம் 60 செ.மீ. இருந்தால் 5 அடிக் கண்ணாடியின் மேல் சுமார் 270 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். அதையே 75 செ.மீ. ஆக்கினால் 420 கிலோ. 60 செ.மீ. உயரத்துக்கு 12 மி.மீ. கண்ணாடியும் மேல் விளிம்பில் பட்டைகளும் வழக்கம். பட்டையில்லாமல் வேண்டுமென்றால் 15 மி.மீ. போடுவது நல்லது. இன்னும் உயர்த்தினால் கண்ணாடிச் செலவு தாறுமாறாக ஏறும். கை அடிமண்ணுக்கு எட்டாது, தரையை ஒட்டி வளரும் செடிக்கு வெளிச்சமும் போதாது.

கூட்ட வேண்டியது முன்னிருந்து பின்னுக்குள்ள அகலத்தை. ஒன்றரை அடி அகலத்தில் முன்செடி, நடுச்செடி, பின்செடி எல்லாம் ஒரே சுவராக நெருங்கிவிடும். 2 அடியில்தான் தோட்டத்துக்கு ஆழம் கிடைக்கும். இரண்டரை அடி கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், ஆனால் அதற்கு முன் வாசற்கதவின் அகலத்தை அளந்துவிடுங்கள்.

சிலிகானும் கண்ணாடியும்

நீங்களே ஒட்டுவதாக இருந்தால், குளியலறைக்கு விற்கும் பூஞ்சை எதிர்ப்பு சிலிகானை வாங்காதீர்கள். பூஞ்சையைக் கொல்லச் சேர்க்கும் மருந்து தண்ணீரில் கசிந்து மீனையும் இறாலையும் கொல்லும். மீன்தொட்டிக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் 100 சதவீத சிலிகான், வினிகர் வாசனை வரும் வகை, போதும். விளிம்புகளை அசிட்டோனால் துடைத்த பிறகு விரல் படக்கூடாது.

ஒட்டும்போது கண்ணாடியைப் பலங்கொண்டு அழுத்துகிறார்கள். இடையிலிருக்கும் சிலிகான் முழுக்கப் பிதுங்கி வெளியேறி, கண்ணாடியும் கண்ணாடியும் தொட்டுக்கொள்ளும். பார்க்கச் சுத்தமாக இருக்கும், பலம் இருக்காது. இணைப்பில் 1 முதல் 2 மி.மீ. சிலிகான் தங்க வேண்டும். சிலிகான் சில நிமிடங்களிலேயே மேல்தோல் கட்டிவிடும் என்பதால் எல்லாக் கண்ணாடிகளையும் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டு, கூட ஒரு ஆளோடு வேலையைத் தொடங்குங்கள். பிறகு 7 நாள் தொடாமல் விடுங்கள்.

ஒழுக்கு வந்தால் மேலே இன்னொரு கோட் இழுப்பது வீண்வேலை. காய்ந்த சிலிகானில் புதுச் சிலிகான் பிடிக்காது. அந்த இணைப்பில் பழையதைப் பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாக ஒட்ட வேண்டும். இந்தச் சோதனையை மண்ணும் கல்லும் போடும் முன் முடித்துவிடுங்கள். தொட்டியை ஸ்டாண்டில் வைத்து விளிம்புவரை நிரப்பி 3 நாள் பாருங்கள்.

எடை, தரை, மட்டம்

தண்ணீர் 430 கிலோ, கண்ணாடி 100, சரளை 90, கல் 30, ஸ்டாண்ட் 70 என்று கூட்டினாலே 720 கிலோ ஆகிறது. இது ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் நிற்கப்போகிறது. பல நாடுகளின் கட்டட விதிகளில் வீட்டுத் தளத்தின் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோதான். தரைத்தளம் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. மாடி என்றால் பீம் அல்லது சுமைதாங்கும் சுவரை ஒட்டி வைக்க வேண்டும், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டியும் விட வேண்டும். இதில் ஊகத்துக்கு இடமே இல்லை.

ஸ்டாண்டுக்குப் பார்ட்டிக்கிள் போர்டு வேண்டாம், ஈரம் பட்டால் ஊதிவிடும். இரும்பு ஃபிரேம், அதன்மேல் 18 மி.மீ. நீர்தாங்கும் பிளைவுட் போடலாம். அடிக்கண்ணாடி நேராகப் பலகையில் உட்காரும் தொட்டிக்கு நடுவில் ஃபோம் ஷீட் வேண்டும். சின்ன மணல் துணுக்கு ஒன்று அடியில் மாட்டினாலும் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். பிளாஸ்டிக் ஃபிரேமில் உட்காரும் தொட்டிக்கு ஃபோம் போடக்கூடாது. அந்த ஃபிரேமே எடை தாங்க அமைந்தது, ஃபோம் மேலெழும்பி அடிக்கண்ணாடியை அழுத்தும்.

மட்டத்தை ரசமட்டம் வைத்துப் பார்த்தபின் தண்ணீராலும் பாருங்கள். கால்வாசி நிரப்பி, நான்கு மூலையிலும் மேல் விளிம்பிலிருந்து நீர்மட்டம்வரை அளவுநாடாவால் அளந்தால் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மிஞ்சினால் தண்ணீரை இறக்கி, ஸ்டாண்டின் காலுக்கு அடியில் தகடு கொடுங்கள். தொட்டிக்கும் பலகைக்கும் நடுவில் ஒருபோதும் வேண்டாம். எடை முழுதும் அந்த ஒரு புள்ளியில் இறங்கிவிடும்.

வாராவாரம் தண்ணீரைத் தூக்கப்போவது யார்?

பலரும் கடைசியில் யோசிப்பது இதை, பல தொட்டிகள் கைவிடப்படுவதும் இதனால்தான். செடித் தொட்டியில் வாரம் பாதித் தண்ணீர் மாற்றுவது வழக்கம். அதாவது 215 லிட்டர், 15 லிட்டர் வாளியில் 14 நடை வெளியே, 14 நடை உள்ளே. முதல் மாதம் உற்சாகத்தில் செய்வார்கள், மூன்றாம் மாதம் பாசி வரும். தொட்டியின் இடத்தைத் தீர்மானிக்கும்போதே வடிகாலுக்குக் குழாய் எப்படிப் போகும், நிரப்பும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று முடிவு செய்யுங்கள். ஒரு டிரம், சின்ன பம்ப், நீளமான ஹோஸ் இருந்தாலே வேலை அரை மணி நேரத்தில் அடங்கும். பின்சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். பின்னால் கறுப்பு ஷீட் ஒட்டுவதானால் அதையும் இப்போதே ஒட்டிவிடுங்கள்.

சம்ப், அதாவது தொட்டிக்குக் கீழே தனி ஃபில்டர் தொட்டி, வைப்பவர்கள் ஒரு கணக்கை மறக்கக்கூடாது. இந்தத் தொட்டியில் 1 செ.மீ. உயரத் தண்ணீர் எட்டரை லிட்டர். திரும்பி வரும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருந்தால், மின்சாரம் போனவுடன் 40 லிட்டருக்கு மேல் சம்புக்கு இறங்கும். அதற்கு இடம் இல்லையென்றால் அறையில்தான் நிற்கும். எந்த ஃபில்டரானாலும் வயர்கள் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறும்படி மாட்டுங்கள், சொட்டும் நீர் பிளக்கைத் தொடாது. 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவு மின் காப்பு இல்லாமல் கையைத் தண்ணீரில் விடாதீர்கள்.

ஃபில்டர் பெட்டியில் போட்டிருக்கும் ஓட்ட அளவு வெறும் பம்பின் அளவு. உள்ளே பஞ்சும் மீடியாவும் நிரம்பினால் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். மணிக்கு 3,000 முதல் 4,000 லிட்டர் என்று எழுதியதைத் தேடுங்கள். ஒரே பெரிய கேனிஸ்டரை (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) விட இரண்டு நடுத்தரமானவை மேல். ஒன்று நின்றால் மற்றது காப்பாற்றும். ஹீட்டருக்கும் இதே விதி.

அடிமண்

சராசரி 6 செ.மீ. ஆழத்துக்கு 54 லிட்டர் மண் வேண்டும். முன்னால் 3 முதல் 4 செ.மீ., பின்னால் 10 செ.மீ.வரை சரிவாக. பாறைகளை மண்ணுக்கு மேல் வைப்பதை விட, அடிக்கண்ணாடியில் மெல்லிய பிளாஸ்டிக் வலையோ ஃபோமோ விரித்து அதன்மேல் வைத்துவிட்டுப் பிறகு மண் போடுங்கள்; மீன் தோண்டினாலும் பாறை சாயாது.

கல்லும் சரளையும் சுண்ணாம்பு கலந்ததாக இருந்தால் தண்ணீரின் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். வினிகர் ஊற்றிப் பார்ப்பது நல்ல தொடக்கம், ஆனால் மெல்லிய சுண்ணாம்பை அது காட்டாமல் விடலாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டு நுரைக்கிறதா என்று பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, திறந்த வெளியில் செய்யுங்கள். சிப்பியும் பவள மணலும் இந்தத் தொட்டிக்கு ஆகாது.

சாதாரணச் சரளையைத் தெளியும்வரை கழுவ வேண்டும். செடித் தொட்டிக்கென்றே விற்கும் மண் உருண்டைகளான ஆக்வா சாயிலைக் கழுவவே கூடாது, உருண்டைகள் கரைந்து சேறாகும். ஆக்வா சாயில் முதல் சில வாரங்கள் அம்மோனியா விடும். அந்தக் காலத்தில் முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இருமுறை என்று பாதித் தண்ணீர் மாற்றினால் பாசி பெருமளவு அடங்கும். தோட்ட மண் போடுபவர்கள் உரம் கலக்காத மண்ணை 2.5 செ.மீ.க்கு மேல் போட வேண்டாம், மேலே அதே அளவு சரளை மூட வேண்டும். தடிமனாகப் போட்டால் அடியில் காற்றில்லாமல் அழுகி, முட்டை நாற்றத்துடன் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும்.

வெளிச்சமும் வாயுவும்

வெளிச்சம்தான் ஆக்சிலரேட்டர். அதை மிதித்தால் செடி கார்பன் டை ஆக்சைடும் உரமும் அதே வேகத்தில் கேட்கும். கிடைக்காவிட்டால் பாசி எடுத்துக்கொள்ளும். புதுத் தொட்டியில் விளக்கை 10, 12 மணி நேரம் எரியவிடுவதுதான் பாசிக்கு மிகப் பெரிய காரணம். டைமர் போட்டு 6 மணி நேரத்தில் தொடங்குங்கள், செடிகள் பிடித்தபின் 8க்குப் போகலாம். கார்பன் டை ஆக்சைடு வாயு சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு மங்கலான விளக்கே சரி.

சிலிண்டர் வைப்பதானால், நிமிடத்துக்கு எத்தனை குமிழி என்ற கணக்கை மற்ற தொட்டியிலிருந்து காப்பியடிக்காதீர்கள். குமிழியின் அளவு, ஓட்டம், மேற்பரப்பின் அசைவு எல்லாம் மாறும். அளக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று டிராப் செக்கர், வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் சின்னக் குமிழ். அதற்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றுவது பரவலான தவறு. 4 டிகிரி கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை) கரைசலும் நிறங்காட்டியும்தான் ஊற்ற வேண்டும். அப்போதுதான் பச்சை நிறம் சுமார் 30 பி.பி.எம். (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) என்று பொருள்படும். நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், நீலமாக இருக்கிறதே என்று உடனே வால்வைத் திறந்துவிடக்கூடாது. இன்னொன்று, தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளரில் ஒருநாள் வைத்து பி.எச். பாருங்கள். வாயு ஓடும்போது தொட்டியில் அதைவிட 1.0 குறைந்தால் வாயு 10 மடங்கு கூடியிருக்கிறது. அதற்கு மேல் இறக்க வேண்டாம்.

விளக்குக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் வாயுவைத் திறந்து, விளக்கு அணைய ஒரு மணி நேரம் முன் மூடுங்கள். அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கினால் கறுந்தாடிப் பாசி இலை விளிம்பில் வந்து ஒட்டும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து, கட்டப்பட்டு நிற்க வேண்டும். படுத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போகும். மீன்கள் மேலே வந்து வாய் திறந்தால், உடனே வாயுவை நிறுத்தி மேற்பரப்பைக் கலக்குங்கள்.

உரம் போடும்போது 540 லிட்டர் என்று கணக்கிடாதீர்கள். அது வெளி அளவு. கண்ணாடித் தடிமன், மேல்விளிம்பு இடைவெளி, மண், கட்டை எல்லாம் போக 430 லிட்டரை ஒட்டித்தான் தண்ணீர். அதற்கு 7 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் போட்டால் நைட்ரேட் 10 பி.பி.எம். ஏறும். மீன் மருந்துக்கும் இந்த 430தான் கணக்கு; 540க்குப் போட்டால் 25 சதவீதம் அதிகம்.

நடவு

இரண்டு கொத்து நட்டுவிட்டு வளரும் என்று காத்திருக்கக்கூடாது. முதல் நாளே தரையில் முக்கால் பங்கு மறைய வேண்டும். ஹைக்ரோஃபிலா, ரொட்டாலா, லிம்னோஃபிலா போன்ற வேகமாக வளரும் தண்டுச்செடிகளை நிறையப் போட்டால், அவை அம்மோனியாவைப் பாசிக்கு முன் உறிஞ்சும். பிறகு வேண்டாததை எடுத்துவிடலாம்.

சின்னக் கூடையோடு வாங்கிய செடியில் வேரைச் சுற்றிய பஞ்சை முழுக்கப் பிய்த்து எடுங்கள். தண்டுகளைக் கட்டாக நடாமல், கீழ் இலைகளை நீக்கி, ஒவ்வொன்றாக 2 செ.மீ. இடைவெளியில் இடுக்கியால் நடுங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மண்ணில் நடவே கூடாது. பச்சையாக, விரல்போல் படுத்திருக்கும் தண்டு புதைந்தால் முதலில் பழுப்பாகி, பிசுபிசுத்து, இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதக்கும். கட்டையில் நூலால் கட்டுங்கள் அல்லது சயனோஅக்ரிலேட் ஜெல் பசையால் ஒட்டுங்கள். கிரிப்டோகோரின் நட்ட சில நாளில் இலையெல்லாம் கரைந்தால் செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள். வேர் உயிரோடு இருக்கும், நீருக்கடியில் வளரும் புது இலை வரும்.

மீன் எப்போது?

செடி நன்றாக இருக்கிறது, தண்ணீர் தெளிந்திருக்கிறது என்பது மீனுக்குத் தயார் என்பதற்கு அடையாளமல்ல. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருகப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும். சோதனைக் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன். குழாய்நீரில் குளோரின் இருந்தால் ஒருநாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் போகாது. குளோரினை நீக்கப் போடும் தயோசல்ஃபேட் குளோரமினை உடைத்தாலும் அம்மோனியா மிஞ்சும், எனவே அதையும் பிடிக்கும் நீர் கண்டிஷனர் வேண்டும்.

மின்சாரம் பல மணி நேரம் போய் வந்தால் கேனிஸ்டரை அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா செத்து, அந்த அழுக்கு நீர் முழுவதும் தொட்டிக்குள் வரும். திறந்து, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓட்டுங்கள்.

மீன் தேர்வில், கோல்ட்ஃபிஷ், சில்வர் டாலர், டின்ஃபாயில் பார்ப் மூன்றும் செடியைத் தின்னும். குட்டியாக வாங்கும் சாதாரண பிளெக்கோ ஒன்றரை அடிவரை வளர்ந்து செடிகளைப் பெயர்க்கும். கார்டினல் டெட்ரா, ரம்மிநோஸ் போன்ற கூட்ட மீன்களை 10, 15 என்று இரண்டு வார இடைவெளியில் சேருங்கள். பாசி தின்ன சயாமீஸ் ஆல்கே ஈட்டர் கேட்டால் வேறு மீனைத் தந்துவிடுவதுண்டு. சயாமீஸின் கறுப்புக் கோடு வால்துடுப்பின் முனைவரை ஓடும். அது வால் தொடங்கும் இடத்திலேயே நின்றால் அது வேறு மீன். உறிஞ்சும் வாயோடு கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது சைனீஸ் ஆல்கே ஈட்டர். பெரிதானதும் பாசியை விட்டுவிட்டு மற்ற மீன்களைத் துரத்தும்.